பெர்ஃபார்மன்ஸ் கார் டயர் ரொட்டேஷன்: முதலில் டெப்த் கேஜ், அப்புறம் ஜாக்கி

பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் நாலு டயரையும் குறுக்கே மாற்றிப் போடுவது நம் ஊர் டயர் கடைகளில் கேட்காமலே நடக்கிற வேலை. சாதாரண ஹேட்ச்பேக்குக்கு அதில் பெரிய தப்பு வந்துவிடாது. அதே கைப்பழக்கத்தில் ஒரு பி.எம்.டபிள்யூ எம்340ஐ-யையோ ஃபோர்டு மஸ்டாங்கையோ ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்-ஸையோ தொட்டால்தான் சிக்கல். சில காரில் வீல் இடம் மாறவே மாறாது. சில காரில் மாறும், ஆனால் அடுத்த மழையில் பின்பக்கம் வழுக்கும். இன்னும் சில காரில் நாலு டயரையும் மாற்றிப் போட்ட பிறகும் அதே உள் ஓரம் அதே வேகத்தில் தேய்ந்துகொண்டிருக்கும்.

மூன்று விஷயம் தெரியாமல் ஜாக்கியைத் தொட வேண்டாம்: டயர் அளவு, ட்ரெட் (தரையில் படும், பள்ளம் வெட்டிய பரப்பு) வகை, எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது. முதல் இரண்டையும் டயரின் பக்கச் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

அளவு

ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜி.டி.ஐ.-யில் 18 இஞ்ச் வீல் என்றால் நாலிலும் 225/40 ஆர்18 (225 என்பது மி.மீ. கணக்கில் அகலம், 40 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவர் உயரம் எத்தனை சதவீதம், 18 என்பது இஞ்ச் கணக்கில் ரிம் விட்டம்). டொயோட்டா ஜி.ஆர்.86-இன் 18 இஞ்ச் செட்டில் நாலும் 215/40 ஆர்18. இப்போதைய சிவிக் டைப் ஆர் நாலிலும் 265/30 ஆர்19. இப்படி ஒரே அளவாக இருந்தால் அது ஸ்கொயர் செட்டப், முன்பின் மாற்றலாம்.

பின்னால் அகலமாக இருந்தால் ஸ்டேகர்டு. 992 தலைமுறை போர்ஷே 911 கரேராவில் முன்னால் 235/40 இசட்.ஆர்.19, பின்னால் 295/35 இசட்.ஆர்.20. ரிம்மின் விட்டமே வேறு என்பதால் இதில் யாருக்கும் குழப்பம் வராது. குழப்பம் வருவது எம்340ஐ மாதிரி காரில். 19 இஞ்ச் செட்டில் முன்னால் 225/40, பின்னால் 255/35. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முன் டயரின் விட்டம் 662.6 மி.மீ., பின் டயருக்கு 661.1. உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாலு சக்கரத்துக்கும் பவர் போகும் எக்ஸ்டிரைவ் என்பதால் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். உயரம் ஒன்று என்பதற்காக முன்னதைப் பின்னால் போட்டுவிடலாம் என்று நினைக்கக் கூடாது. ரிம் அகலமும் ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வீலை மாட்டும் முகம் விலகியிருக்கும் தூரம்) வேறு. அதோடு அகல டயர் முன்னாலும் ஒல்லி டயர் பின்னாலும் போனால், திருப்பத்தில் வால் வீசாமல் இருக்கக் கம்பெனி போட்டு வைத்த கணக்கு தலைகீழாகிவிடும்.

ஒரே மாடலிலும் இரண்டு விதம் உண்டு. எஸ்550 தலைமுறை மஸ்டாங் ஜி.டி.யின் அடிப்படை 18 இஞ்ச் வீலில் நாலும் 235/50. பெர்ஃபார்மன்ஸ் பேக் எடுத்த காரில் முன்னால் 255/40 ஆர்19, பின்னால் 275/40 ஆர்19. இந்த இரண்டுக்கும் விட்டத்திலேயே 16 மி.மீ. வித்தியாசம். ஆகவே மாடல் பெயரை வைத்து முடிவு பண்ணாமல் நாலு டயரையும் தனித்தனியே படியுங்கள். பழைய கார் வாங்கியிருந்தால் ரிம்மின் பின்பக்கம் பொறித்திருக்கும் அகலத்தையும் ஆஃப்செட்டைச் சொல்லும் ஈ.டி. எண்ணையும் சேர்த்தே படியுங்கள். முந்தைய ஓனர் ஆஃப்டர்மார்க்கெட் வீல் போட்டிருந்தால் டயர் அளவு ஒன்றாக இருந்தும் ரிம் வேறாக இருப்பது உண்டு.

ட்ரெட் வகை

பக்கச் சுவரில் அம்புக்குறியும் ரொட்டேஷன் என்ற எழுத்தும் இருந்தால் டைரக்‌ஷனல். ஒரு பக்கமாக மட்டுமே உருள வேண்டிய டயர். வீலோடு மாற்றுவதாக இருந்தால் அதே பக்கத்தில் முன்னும் பின்னும்தான், குறுக்கே கூடாது. குறுக்கே போட்டால் தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய வி வடிவப் பள்ளங்கள் நடுவை நோக்கித் தள்ளும்.

அவுட்சைட் என்று எழுதியிருந்தால் அசிமெட்ரிக். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் இந்த வகை; இன்று பெர்ஃபார்மன்ஸ் காரில் வருவதில் பெரும்பாலானவை இதுதான். இதைக் குறுக்கே போடலாம். உருளும் திசை மாறினால் பாதகமில்லை, வெளிப்பக்கம் வெளியே இருந்தால் போதும்.

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பெர்ஃபார்மன்ஸ் காரில் நெகட்டிவ் கேம்பர் (வீலின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பது) கொஞ்சம் கூடுதலாக வைத்திருப்பார்கள். அதோடு டோவும் (மேலிருந்து பார்த்தால் வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) சரியில்லை என்றால் உள் ஓரம்தான் முதலில் மொட்டையாகும். அசிமெட்ரிக் டயரை இடது வலது மாற்றினால் உள் ஓரம் புது இடத்திலும் உள் ஓரமாகவே இருக்கும். சத்தம் குறையலாம், ரம்பப் பல் மாதிரியான தேய்மானம் சமப்படலாம். உள் ஓரத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமாகாது. அதற்கு அலைன்மென்ட் ஒன்றே வழி.

டைரக்‌ஷனல் டயரில் ஒரு வசதி உண்டு. இடது டயரை ரிம்மிலிருந்து கழற்றி, அம்பு சரியான திசையில் இருக்கும்படி வலது ரிம்மில் ஏற்றினால், இதுவரை உள்ளே இருந்த ஓரம் வெளியே வந்துவிடும். ஸ்டேகர்டு காரில் டைரக்‌ஷனல் டயர் ஓடுகிறது என்றால், உள் ஓரத் தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்ள இருக்கிற ஒரே வழி இது. நாலு டயரையும் கழற்றி ஏற்றி பேலன்ஸிங் பண்ண வேண்டும். ரன்ஃப்ளாட் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) என்றால் பக்கச் சுவர் இரும்பு மாதிரி விறைப்பாக இருக்கும், பழக்கமில்லாத கையில் ரிம்மில் உட்காரும் பீடு விளிம்பு கிழியும், பிரஷர் சென்சார் உடையும். உள்ளுக்கும் வெளிக்கும் 1 மி.மீ. கூட வித்தியாசம் இல்லாதபோது இந்த வேலை தேவையில்லை என்பது என் கருத்து.

அளப்பது

பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் டெப்த் கேஜ் சில நூறு ரூபாய்தான். ஒவ்வொரு டயரிலும் உள் பள்ளம், நடுப் பள்ளம், வெளிப் பள்ளம் என்று மூன்று அளவு. அதையே டயரைச் சுற்றி மூன்று இடத்தில். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு இருக்கும், அதுதான் 1.6 மி.மீ. எல்லைக்கோடு. கேஜ் ஊசி அதன் மேல் உட்கார்ந்தால் அளவு தப்பாகும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் முன் டயரின் உள் ஓரம் தெரியும். பின் டயரின் உள் ஓரத்துக்குக் குனிந்து, கையை உள்ளே விட்டுத் தடவித்தான் ஆக வேண்டும். அதைப் பார்க்காமல் விட்டு, வெளியே பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஓட்டி, உள்ளே கம்பி தெரிந்த பிறகு கண்டுபிடிப்பது தாழ்த்திய கார்களில் சர்வ சாதாரணம்.

ஒரு உதாரணம். முன் வீல் டிரைவ் காரில் முன் இடது 4.1, 5.0, 5.1 (உள், நடு, வெளி). முன் வலது 4.2, 5.0, 5.0. பின் இரண்டும் சுமாராக 6.3. இதில் இரண்டு செய்தி இருக்கிறது. முன் பின் வித்தியாசம் ஒன்றே கால் மில்லிமீட்டருக்குப் பக்கம், அது இயல்பு. இரண்டு முன் டயரிலும் உள் ஓரம் தனியாக ஒரு மில்லிமீட்டர் கீழே, அது இயல்பல்ல. இங்கே வேலை அலைன்மென்ட் மேடையில் தொடங்க வேண்டும். அப்படியே ரொட்டேஷன் பண்ணினால் இப்போது நன்றாக இருக்கும் பின் டயர்களும் முன்னால் வந்து அதே மாதிரி கெடும். ஸ்பிரிங்கை மாற்றி இறக்கிய காராக இருந்தால் முதலில் டோவைப் பாருங்கள். இறக்கும்போது கேம்பர், டோ இரண்டும் மாறும். டயரை வேகமாகத் தின்பது டோதான்.

மற்ற அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். உள்ளங்கையைக் குறுக்கே தடவும்போது ஒரு பக்கம் வழவழப்பு, திரும்பி வரும்போது கூர்மை என்றால் டோ. அங்கங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்ஸிங்கையோ சந்தேகப்படுங்கள்.

புது பெர்ஃபார்மன்ஸ் டயரில் பள்ளம் ஏழு எட்டு மி.மீ. இருக்கும், அதில் 1.6 போக உபயோகத்துக்குக் கிடைப்பது ஐந்தரை முதல் ஆறரை வரைதான். முன் வீல் டிரைவ் காரில் ஸ்டியரிங், பவர், பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் முன் டயர் மேலே. 10,000 வரை காத்திருந்தால் வித்தியாசம் கைமீறிப் போகும். 5,000 முதல் 7,000 கி.மீ.க்கு ஒரு தடவை அளந்து, ஒன்று ஒன்றரை மி.மீ. வித்தியாசத்திலேயே மாற்றிவிடுவது நல்லது.

ஏற்கெனவே மூன்று மி.மீ. வித்தியாசம் ஆகிவிட்டது, வடகிழக்குப் பருவமழை வேறு வரப்போகிறது என்றால் ரொட்டேஷனை விட்டுவிடுங்கள். தேய்ந்த முன் டயர் பின்னால் போனால், தண்ணீர் தேங்கிய சாலையில் முதலில் மிதப்பது பின்பக்கம். முன் டயர் மிதந்தால் கார் நேரே போகும், ஆக்சிலரேட்டரை விட்டால் பிடிப்பு திரும்பும். பின் டயர் மிதந்தால், அதே ஆக்சிலரேட்டரை விடுவதே காரைச் சுழற்றிவிடும். கார் சுழலாமல் தனித்தனி வீலில் பிரேக் போடும் ஈ.எஸ்.சி. இருக்கிறதே என்பார்கள். பிடிப்பே இல்லாத டயரில் அது பிரேக் போட்டு என்ன பண்ணும்? முன் இரண்டையும் அங்கேயே ஓட்டித் தீர்த்துவிட்டு, புது ஜோடியைப் பின்னால் போட்டு, பின்னால் இருந்ததை முன்னால் கொண்டு வருவதுதான் சரி.

எதை எங்கே

ஸ்கொயர் செட்டப், அசிமெட்ரிக் டயர், முன் வீல் டிரைவ்: முன் இரண்டும் நேராகப் பின்னால், பின் இரண்டும் குறுக்கே முன்னால். பின் வீல் டிரைவும் ஆல் வீல் டிரைவும் இதற்கு நேர் எதிர்: பின் இரண்டும் நேராக முன்னால், முன் இரண்டும் குறுக்கே பின்னால். டைரக்‌ஷனல் என்றால் எந்த டிரைவானாலும் அதே பக்கத்தில் முன் பின். ஸ்டேகர்டும் அசிமெட்ரிக்கும் சேர்ந்தால் அதே ஆக்சிலில் இடது வலது மட்டும். சாலையில் ஓடும் காரில் கிடைக்கும் பலன் பெரும்பாலும் சத்தம் குறைவதுதான்; அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

வேலை

வீட்டில் ஒரே ஒரு ஜாக்கியும் ஒரு ஸ்டெப்னியும் வைத்தே முன் வீல் டிரைவ் முறையை முடித்துவிடலாம். டயர் ஒவ்வொன்றிலும் எந்த மூலையிலிருந்து வந்தது என்று சாக்பீஸால் எழுதிக்கொண்டு:

1. பின் இடதைக் கழற்றி அங்கே ஸ்டெப்னியை மாட்டுங்கள்.
2. முன் வலதைக் கழற்றி, கையில் இருக்கும் பின் இடதை அங்கே போடுங்கள்.
3. பின் வலதைக் கழற்றி, முன் வலதை அங்கே.
4. முன் இடதைக் கழற்றி, பின் வலதை அங்கே.
5. பின் இடதில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு, முன் இடதை அங்கே.

ஐந்து தடவை தூக்குவதில் முடிந்தது. ஸ்டெப்னி பின்னால் மட்டுமே உட்காருவதால், சின்ன ஸ்டெப்னி முன்பக்கப் பெரிய பிரேக் காலிப்பரில் இடிக்குமோ என்ற கவலையும் இல்லை. ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். ஒரு பின் வீல் ஆகாயத்தில் இருக்கும்போது மிச்சம் ஒன்றுதான். ஆகவே கியரிலோ பி-யிலோ போட்டு, எதிர் மூலை வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். போல்ட்டைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டுத் தூக்குங்கள்.

தாழ்ந்த காரில் சாதாரண ட்ராலி ஜாக்கி ஸ்கர்ட்டுக்கு அடியில் நுழையாது. இரண்டு இஞ்ச் பலகை மேல் முதலில் வீலை ஏற்றிக்கொண்டால் நுழையும். ஜாக்கி தலையில் பள்ளம் வெட்டிய ரப்பர் பேட் இல்லாமல் தூக்கினால் அடித்தகட்டின் விளிம்பு மடங்கும், அங்கேயிருந்து துரு தொடங்கும்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, பி.எம்.டபிள்யூ, போர்ஷே எல்லாம் போல்ட் முறை. ஸ்டட் கிடையாது என்பதால் வீலை ஒரு கையில் தாங்கிக்கொண்டே துளையைத் தேட வேண்டும். எம்14 x 1.5 மரையில் ஒரு வழிகாட்டிக் கம்பி வாங்கி மேல் துளையில் திருகிக்கொண்டால் வீலை அதில் தொங்கவிடலாம். (பி.எம்.டபிள்யூவின் புது மாடல்களில் மரை எம்14 x 1.25, ஒன்றை இன்னொன்றில் திருகிப் பார்க்காதீர்கள்.) செராமிக் டிஸ்க் இருக்கும் போர்ஷேயில் வழிகாட்டிக் கம்பி இல்லாமல் வேலையே செய்யக் கூடாது. வீல் நழுவி டிஸ்க் விளிம்பில் மோதினால் சில்லு தெறிக்கும், அந்த டிஸ்க்கின் விலையைக் கேட்டாலே போதும்.

வீல் கழன்றதும் ஹப் முகத்தை, அதாவது வீல் உட்காரும் பரப்பை, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுங்கள். துருத் துகள் நடுவில் மாட்டினால் வீல் நேராக உட்காராது. பேலன்ஸிங் சரியாக இருந்தும் ஸ்டியரிங் ஆடும்.

டார்க்

ஏர் கன்னால் டர்ர்ரென்று முடுக்குவது கடையில் நேரம் மிச்சம் பண்ணும். உங்கள் போல்ட்டின் மரை இழுபடும், பஞ்சர் ஆன ராத்திரியில் கார் ஸ்பேனருக்கு அசையாது. லாக்கிங் போல்ட்டின் சாவியை ஏர் கன்னில் போட்டால் சாவியே உடையும். கையால் முழுக்கத் திருகி, நட்சத்திர வரிசையில் ஒரு தடவை பாதி அழுத்தம், வீல் தரையைத் தொட்டதும் மறுபடி அதே வரிசையில் டார்க் (போல்ட்டை முடுக்கும் திருகுவிசை) முழு அளவு.

கோல்ஃப் ஜி.டி.ஐ., ஆக்டேவியா ஆர்.எஸ். 120 நியூட்டன் மீட்டர். எம்14 போல்ட் உள்ள பி.எம்.டபிள்யூ 140. சிவிக் டைப் ஆர் 127. எஸ்550 மஸ்டாங் 204. போர்ஷேயின் சென்டர் லாக் (நடுவில் ஒரே பெரிய நட்) வீல் 600. அதற்குத் தனி ரெஞ்ச், பிரேக்கை மிதிக்க ஒரு ஆள், கம்பெனி சொன்ன கிரீஸ் எல்லாம் வேண்டும், வீட்டில் முயற்சி வேண்டாம். இங்கே எண் சொன்ன மற்ற கார்களில் மரை காய்ந்தே இருக்க வேண்டும். எண்ணெய் தடவிய போல்ட்டை அதே 120-க்கு முடுக்கினால் உராய்வு குறைந்து இழுவிசை எக்கச்சக்கமாக ஏறும்.

ஃபோக்ஸ்வாகன் குழும ஒரிஜினல் வீலில் போல்ட் தலை உட்காரும் இருக்கை உருண்டை, ஆஃப்டர்மார்க்கெட் வீலில் பெரும்பாலும் கூம்பு. மாற்றிப் போட்டால் டார்க் ரெஞ்ச் க்ளிக் சொல்லும், ஆனால் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு மெல்லிய வளையம்தான். சில நூறு கிலோமீட்டரில் தளரும். எந்த வீலாக இருந்தாலும் 80 முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒரு தடவை மறுபடி டார்க் பாருங்கள்.

மாற்றிய பிறகு

காற்று பழைய இடத்துக்கு ஏற்றபடி இருக்கும். முன் பின் அளவு வேறு என்றால் டிரைவர் கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியின் உள்ளேயோ ஒட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து, டயர் ஆறியிருக்கும்போது சரிபண்ணுங்கள். ஜி.டி.ஐ. மாதிரி ஏ.பி.எஸ். சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடும் காரில் திரையில் போய் செட் கொடுக்க வேண்டும். வீலுக்குள் சென்சார் இருக்கும் காரில் சில மாடல் தானாகக் கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்; அதுவரை திரையில் இடது பின் குறைவு என்று காட்டுவது உண்மையில் வேறு மூலையாக இருக்கலாம்.

90, 100 வேகத்தில் ஸ்டியரிங் புதிதாக ஆடினால், பின்னால் இருந்தபோது தெரியாத பேலன்ஸ் கோளாறு முன்னால் வந்திருக்கிறது. முழங்கினால் உடனே பேரிங் மாற்றக் கிளம்பாதீர்கள். பேரிங் சத்தம் லேசாக இடது வலது திருப்பும்போது கூடிக் குறையும். டயர் சத்தம் கான்கிரீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு இறங்கியதும் மாறும். டயர் என்றால் ஆயிரம் கிலோமீட்டருக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும்.

ஆல் வீல் டிரைவில் மட்டும்

225/40 ஆர்18 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2,002 மி.மீ. 3 மி.மீ. தேய்ந்தால் 19 மி.மீ. குறையும். கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து சுற்று கூடுதல். நேரான ஹைவேயில்கூட முன் பின் ஆக்சில் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதால் நடுவில் இருக்கும் க்ளட்ச் வழுக்கிக்கொண்டே சூடாகும். இந்தக் கார்களில் ரொட்டேஷன் டயர் ஆயுளுக்காக என்பதைவிட டிரைவ்லைனுக்காக. ஒரு டயர் மட்டும் கிழிந்து புதிது வாங்குவதாக இருந்தால், மற்ற மூன்றின் பள்ளத்தையும் அளந்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ட்ராக் டே

சொந்தக் காரை ரேஸ் தடத்தில் ஓட்டும் நாளுக்குக் கணக்கு வேறு. வலஞ்சுழியாக ஓடும் தடத்தில் வலது திருப்பம் அதிகம், சுமை இடப்பக்கம் விழும். நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப் அப்படிப்பட்ட தடம். முன் இடது டயரின் வெளி ஓரம் முதலில் போகும். ஆஸ்டின், இன்டர்லாகோஸ் தடங்கள் இடஞ்சுழி, அங்கே வலது டயர். தேய்வது வெளி ஓரம் என்பதால் அசிமெட்ரிக் டயரில் இங்கே இடது வலது மாற்றுவது உண்மையாகவே பலன் தரும்: தேய்ந்த ஓரம் சுமை குறைந்த பக்கத்துக்குப் போய்விடும். மதிய இடைவேளையில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் டயரும் பிரேக்கும் ஆறிய பிறகு. சூட்டில் முடுக்கிய போல்ட் ஆறியதும் தளரும்.

வெப்பம் 10 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் ஒன்றரை முதல் இரண்டு பி.எஸ்.ஐ. ஏறும், அதனால் தடத்தில் சூடான டயரிலிருந்து காற்றை இறக்கியிருப்பீர்கள். அதே அளவோடு வீட்டுக்குக் கிளம்பினால், ஆறிய டயரில் அட்டையில் சொன்னதைவிட ஏழெட்டு பி.எஸ்.ஐ. குறைவாக ஹைவேயில் ஓடிக்கொண்டிருப்பீர்கள். காற்று ஏற்றும் பம்ப் ஒன்றை டிக்கியிலேயே வைத்திருந்து, கிளம்பும் முன் ஏற்றிக்கொள்ளுங்கள்.